உரிக்காத தேங்காய்க்குக் கூலி உண்டா?



பளைத் தென்னந்தோட்டங்களில் ஆயிரம் தேங்காய் உரித்தால் ஆயிரத்துக்குத்தான் கூலி. முழங்காவில் பக்கம் மரமுந்திரிகைக் கொட்டை உடைக்கிற அக்காமாருக்கு நிறுத்த கிலோவுக்குத்தான் காசு. மலையகத்தில் கொழுந்து பறிக்கும் நம் சொந்தங்களுக்குக் குறித்த கிலோ குறைந்தால் அரைப்பேர். மழை நாளில் கொழுந்தில் தண்ணீர் என்று சொல்லி நிறுவையில் கழிப்பதும் உண்டு. செய்யாத வேலைக்கு எந்த முதலாளியும் நமக்கு ஒரு சதம் தந்ததில்லை. நாமும் கேட்டதில்லை.

ஆனால் பேசாத நிமிடத்துக்கும், பார்க்காத படத்துக்கும், அனுப்பாத செய்திக்கும் நாம் மாதாமாதம் காசு கட்டிக்கொண்டிருக்கிறோம். நமது கைத்தொலைபேசிப் பக்கேஜைப் பற்றித்தான் சொல்கிறோம். சம்பளம், சேமலாப நிதி, காணி உறுதி என்று பேச வேண்டிய சங்கப் பத்திரிகையில் போன் பக்கேஜுக்கு என்ன இடம் என்று சிலர் கேட்கலாம். சம்பளத்தைக் கூட்டக் கேட்பது சங்கத்தின் வேலை என்றால், கூடிய சம்பளம் எந்த ஓட்டையால் ஒழுகுகிறது என்று பார்ப்பதும் சங்கத்தின் வேலைதான்.

கட்டுக்குள் என்ன இருக்கிறது?

கடைக்குப் போய் மாதப் பக்கேஜ் ஒன்று போடச் சொன்னால் கிடைப்பது தனிப்பொருள் அல்ல, ஒரு கட்டு. அதற்குள் சொந்த வலையமைப்புக்குள் பேச நிறைய நிமிடம் இருக்கும். மற்ற வலையமைப்புகளுக்குப் பேசக் கொஞ்ச நிமிடம் இருக்கும். எஸ்.எம்.எஸ். இருக்கும். எதற்கும் பாவிக்கக்கூடிய டேட்டா கொஞ்சமும், யூடியூப்புக்கு மட்டும், பேஸ்புக்குக்கு மட்டும், வட்ஸ்அப்புக்கு மட்டும் என்று பிரித்த டேட்டா கொஞ்சமும் இருக்கும். நள்ளிரவு 12 மணிக்குப் பிறகு மட்டும் வேலை செய்யும் இரவு நேர டேட்டாவும் இந்த நாட்டுப் பக்கேஜ்களில் இருந்து வந்திருக்கிறது. விடிய நான்கு மணிக்கு எழும்பிச் சமைத்து வைத்துவிட்டு வேலைக்குப் போகிற பெண்ணுக்கு நள்ளிரவு டேட்டா எதற்கு? ஆனால் விளம்பரத் தாளில் எல்லாவற்றையும் கூட்டித்தான் பெரிய எழுத்தில் ஜிபி போடுவார்கள்.

இந்தக் கட்டில் எதற்கு எவ்வளவு விலை என்று எங்கும் எழுதியிருக்காது. நிமிடத்துக்கு இவ்வளவு, டேட்டாவுக்கு இவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முடியாது. ஒன்று வேண்டாம் என்றால் அதைக் கழித்துத் தரவும் மாட்டார்கள். குறித்த நாள் முடிந்ததும் மீதி இருந்தாலும் எல்லாம் பூச்சியம்.

கட்டாக வாங்காமல் வெறுமனே ரீலோட் போட்டு நிமிடக் கணக்கில் பேசலாமே என்று கேட்கலாம். பேசலாம். அந்த வழி இன்னும் மூடப்படவில்லை. ஆனால் கட்டுக்குள் விழும் நிமிடத்தோடு ஒப்பிட்டால் தனியே பேசும் நிமிடம் விலை கூடியது. மாதத்தில் கொஞ்சம் கூடுதலாகப் பேசுகிற எவரும் கட்டின் பக்கம்தான் தள்ளப்படுகிறார்கள். வாசல் திறந்திருக்கிறது, ஆனால் படி உயரம்.

ஒரு வீட்டுக் கணக்கு

எங்கள் அங்கத்தவர் வீடுகளில் பொதுவாகக் காணும் நிலை இது. வீட்டில் மூன்று போன். அப்பாயியிடம் பட்டன் போன். ஹட்டனில் இருக்கிற மகளோடும், தர்மபுரத்தில் இருக்கிற தம்பியோடும் பேசுவதற்கு மட்டும்தான் அது. அப்பாவிடம் பழைய ஸ்மார்ட் போன். வேலை இருக்கிறதா இல்லையா என்று கங்காணியிடம் கேட்கவும், கூலி வராத நாளில் அழைத்துச் சொல்லவும் அது வேண்டும். உயர்தரம் படிக்கிற பிள்ளையிடம் இன்னொரு போன். கடந்தகால வினாத்தாள் இறக்கவும், ஆசிரியர் வட்ஸ்அப் குழுவில் போடும் குறிப்பைப் பார்க்கவும் அது தேவை.

மூவரும் ஏறக்குறைய ஒரே மாதிரியான கட்டையே வாங்குகிறார்கள். மாத முடிவில் அப்பாயியின் டேட்டா தொடப்படாமல் கிடந்து அழிகிறது. பிள்ளையின் நிமிடம் அழிகிறது. ஆனால் மாதத்தின் இருபதாம் நாளே பிள்ளைக்கு டேட்டா முடிந்துவிடும். அப்பாயிக்கு மற்ற வலையமைப்புக்குப் பேசும் நிமிடம் முடிந்துவிடும். இருவரும் மேலதிகமாக ரீலோட் போடுகிறார்கள். ஒரே கூரையின் கீழ் ஒருவருக்கு மீதியாகி வீணாவதை இன்னொருவர் காசு கொடுத்து மறுபடி வாங்குகிறார்.

வன்னியில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு கிராமத்தில் ஒரு கம்பனியின் சிக்னல் எடுக்கும், பக்கத்துக் கிராமத்தில் எடுக்காது. பிள்ளை படிக்கிற இடத்தில் ஒன்று, அப்பா வேலை செய்கிற தோட்டத்தில் இன்னொன்று. அதனால் ஒரே குடும்பத்தில் வேறு வேறு கம்பனியின் சிம். சொந்த வலையமைப்புக்குள் ஆயிரம் நிமிடம் இலவசம் என்பது கொழும்பில் ஒரு வீட்டுக்குப் பயன்படலாம். நம் வீட்டில் அது சுவரில் தொங்கும் படம்தான்.

கணக்குக்காக ஒரு தொகை வைத்துப் பார்ப்போம். மூன்று போனுக்கும் தலா 500 ரூபாய் என்றால் மாதம் 1,500. அதில் பாதி பாவிக்காமலே அழிந்தால் மாதம் 750, வருடம் 9,000 ரூபாய். 2024 செப்டெம்பரில் தேயிலைத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. அந்தச் சம்பளத்தில் இந்த 9,000 ரூபாய் ஏறக்குறைய ஏழு நாள் உழைப்பு. உங்கள் வீட்டுத் தொகை இதைவிடக் கூடவோ குறையவோ இருக்கலாம். உங்கள் எண்களைப் போட்டு நீங்களே கணக்குப் பாருங்கள்.

இதற்கு மேல் வரியும் உண்டு. 2024 ஜனவரி 1 முதல் வற் வரி நூற்றுக்கு 18. தொலைத்தொடர்பு அறவீடு வேறு. கட்டின் விலைக்குள் இவையெல்லாம் அடங்கும். ஆகவே பாவிக்காத பங்குக்குக் கம்பனிக்கு விலையும் கொடுக்கிறோம், அரசுக்கு வரியும் கொடுக்கிறோம்.

கம்பனி சொல்லும் நியாயம்

எதிர்ப்பக்கத்தின் வாதத்தையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். கோபுரம் கட்டுவதற்கும், அதற்கு மின்சாரம் கொடுப்பதற்கும், அலைவரிசைக்கு அரசுக்குக் கட்டுவதற்கும் ஆகும் செலவு, நாம் பேசினாலும் பேசாவிட்டாலும் ஆகத்தான் செய்யும் என்கிறார்கள். அது உண்மை. பஸ்ஸில் ஆளில்லாத ஆசனத்தை நாளைக்கு எடுத்து வைக்க முடியாது, அதுபோல இன்று பாவிக்காத டேட்டாவை நெல்லைப் போல மூட்டை கட்டி வைக்க முடியாது என்கிறார்கள். அதிலும் உண்மை உண்டு. எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டாக விற்பதால்தான் விலை மலிவாக இருக்கிறது என்பது அவர்களின் மூன்றாவது வாதம்.

இங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டும். கட்டு மலிவு என்பது யாருக்கு? அதில் உள்ள எல்லாவற்றையும் பாவிப்பவருக்கு மலிவு. பாதியைப் பாவிப்பவருக்கு அதே கட்டு இரட்டிப்பு விலை. எல்லோரும் முழுவதையும் பாவிக்க மாட்டார்கள் என்பது கம்பனிக்கு நன்றாகத் தெரியும். யார் எவ்வளவு பாவிக்கிறார், எவ்வளவு மீதி விடுகிறார் என்ற கணக்கு அவர்களின் கணினியில் சிம் சிம்மாக இருக்கிறது. அந்த மீதியை எதிர்பார்த்துத்தான் விலையே போடப்படுகிறது. அப்படியானால் அதிகம் பாவிக்கும் பட்டணத்து வீட்டின் மலிவு விலையில் ஒரு பங்கை, குறைவாகப் பாவிக்கும் அப்பாயி கட்டுகிறார்.

ஆசன உதாரணத்தையே எடுப்போம். ஆளில்லாத ஆசனத்தை எடுத்து வைக்க முடியாதுதான். ஆனால் பரந்தனுக்குப் போகிறவரிடம் வவுனியா வரைக்கும் டிக்கெட் எடுத்தால்தான் ஏற்றுவோம் என்று எந்த நடத்துனரும் சொல்வதில்லை.

சங்கச் சந்தாவும் இப்படித்தானே?

கூட்டங்களில் இதைப் பேசினால் இப்படி ஒரு கேள்வி வரும். ‘நாங்கள் மாதாமாதம் சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறோம். எனக்கு ஒரு வழக்கும் இல்லை, ஒரு பிரச்சினையும் இல்லை. அப்போது நானும் பாவிக்காததற்குத்தானே காசு கட்டுகிறேன்?’ நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் கம்பனியைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை.

நம் கிராமங்களில் மரண உதவிச் சங்கம் இருக்கிறது. மாதம் ஒரு சிறு தொகை கட்டுகிறோம். நம் வீட்டில் சாவு விழவில்லையே, காசு வீண் என்று யாரும் சொல்வதில்லை. காரணம், அந்தக் காசு பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததைக் கண்ணால் பார்க்கிறோம். எவ்வளவு கட்டுவது என்பதை நாமே கூடித் தீர்மானிக்கிறோம். கணக்கை வாசித்துக் காட்டச் சொல்கிறோம். பிடிக்காவிட்டால் விலகவும் முடியும். சந்தாவும் அப்படித்தான் இருக்க வேண்டும். அப்படி இல்லாத சங்கத்தை அங்கத்தவர்கள் கேள்வி கேட்கத்தான் வேண்டும், நம் சங்கத்தையும் சேர்த்து.

பக்கேஜில் மிஞ்சும் மீதி எந்தப் பக்கத்து வீட்டுக்கும் போவதில்லை. விலையை நாம் தீர்மானிப்பதில்லை. கணக்கை நமக்குக் காட்டுவதில்லை. எல்லோரும் சேர்ந்து போட்டு ஒருவரின் தேவைக்குக் கொடுப்பது ஒன்று, எல்லோரிடமும் வாங்கி மீதியை விற்றவரே வைத்துக்கொள்வது வேறொன்று. நாம் எதிர்ப்பது இந்த இரண்டாவதை. அப்பாயியின் மீதி டேட்டா அவரது பேரப்பிள்ளைக்குப் போகுமானால் நமது முறைப்பாட்டில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

இந்தியாவில் நடந்தது

இது நமக்கு மட்டும் உள்ள பிரச்சினை அல்ல. பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் இதே கேள்வி எழுந்து, சட்டம் வரை போயிருக்கிறது.

இந்தியாவில் சுமார் 15 கோடிப் பேர் இன்னமும் பட்டன் போன் பாவிக்கிறார்கள் என்பது அந்த நாட்டுத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் சொன்ன கணக்கு. பட்டன் போனில் டேட்டா போட்டு என்ன செய்வது? ஆனால் பேசுவதற்காகப் பக்கேஜ் போடப் போனால் டேட்டாவும் சேர்த்தே வாங்க வேண்டியிருந்தது. 2024 ஜூலையில் டிராய் இதுபற்றிப் பொதுமக்களிடமும் கம்பனிகளிடமும் கருத்துக் கேட்டது. தனியாகக் குரல் பக்கேஜ் தேவையில்லை என்று கம்பனிகள் வாதாடின. 2024 டிசம்பர் 23இல் டிராய் விதியை வெளியிட்டது. ஒவ்வொரு கம்பனியும் குரலும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டும் கொண்ட ஒரு பக்கேஜாவது கட்டாயம் விற்க வேண்டும். அத்தகைய சிறப்புப் பக்கேஜ்களின் செல்லுபடிக்காலத்துக்கு அதுவரை 90 நாள் இருந்த உச்சவரம்பு 365 நாளாக்கப்பட்டது.

இது வெற்றிதான். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நாம் பாடமாக எடுக்க வேண்டும். எயார்டெல் கம்பனியிடம் 84 நாளுக்கு 509 இந்திய ரூபாய்க்கு ஒரு பக்கேஜ் இருந்தது. அதில் 6 ஜிபி டேட்டாவும் அடக்கம். விதி வந்ததும் டேட்டாவை எடுத்துவிட்டு 499 ரூபாய் என்று விலை போட்டார்கள். ஆறு ஜிபியும் போனது, விலை குறைந்தது பத்தே ரூபாய். வருடப் பக்கேஜிலும் அதே கதை. 24 ஜிபியோடு 1,999 ரூபாயாக இருந்தது, டேட்டா இல்லாமல் 1,959 ஆனது. சனம் சத்தம் போட்டது. புதிய விலைகளை ஆராய்வோம் என்று டிராயும் சொன்னது. சில நாட்களிலேயே 499 என்பது 469 ஆகவும், 1,959 என்பது 1,849 ஆகவும் இறங்கியது.

இதில் இரண்டு விடயம் இருக்கிறது. முதலாவது, தனியாக விற்க முடியாது என்று சொன்னவர்களால் விற்க முடிந்தது. இரண்டாவது, ‘தனியாக விற்க வேண்டும்’ என்ற சட்டம் மட்டும் போதாது. என்ன விலைக்கு என்பதையும் கேட்காவிட்டால் கழித்ததுக்குக் கணக்குக் காட்டிவிட்டு விலையை அப்படியே வைத்துவிடுவார்கள்.

இது தோட்டத் தொழிலாளரான நமக்குப் புதிய பாடம் அல்ல. நம் பாட்டன்மார் காலத்தில் தோட்ட நிர்வாகம் அரிசியைக் கொடுத்து, அதன் விலையைச் சம்பளத்தில் பிடித்தது. சம்பளம் எவ்வளவு என்று சொன்னால் மட்டும் போதாது, பிடிக்கும் அரிசிக்கு என்ன விலை என்பதையும் சொல்ல வேண்டும் என்பது அன்றே தெரிந்திருந்தது. அதனால்தான் 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் கூலியோடு அரிசி விலையையும் சேர்த்து ஒழுங்குபடுத்தியது. அதற்கு முன்னர், கடனைக் காட்டித் தொழிலாளரைத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றிய துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடிக்கும் வித்தையை நம் ஆட்கள் நூறு வருடத்துக்கு முன்னரே கண்டவர்கள்.

வேறு நாடுகளும் சும்மா இருக்கவில்லை. தென்னாபிரிக்காவில் டேட்டா விலையைக் குறைக்கக் கோரி 2016இல் மக்கள் இயக்கம் எழுந்தது. 2019இல் அங்கே வந்த விதிகளின்படி, மீதி டேட்டாவை அடுத்த காலத்துக்கு நீடிக்கவும், அதே வலையமைப்பில் உள்ள இன்னொருவருக்கு மாற்றவும் கம்பனிகள் வழி கொடுக்க வேண்டும். பாதி முடிந்ததும், நூற்றுக்கு 80 முடிந்ததும், முழுவதும் முடிந்ததும் வாடிக்கையாளருக்கு அறிவிக்க வேண்டும். அவர் சம்மதிக்காமல் பக்கேஜுக்கு வெளியே கட்டணம் அறவிடவும் முடியாது. அதே 2019இல் கானா நாட்டு அரசு, மீதி டேட்டாவும் நிமிடமும் அழியாமல் அடுத்த ரீலோடோடு சேர வேண்டும் என்று பணித்தது. சீனக் கம்பனிகள் 2015 ஒக்டோபர் முதல் மீதி டேட்டாவை அடுத்த மாதத்துக்கு விட்டன. மூட்டை கட்டி வைக்க முடியாது என்று சொன்ன பொருளை இத்தனை நாடுகளில் அடுத்த மாதத்துக்கு எடுத்து வைத்திருக்கிறார்கள்.

நம் நாட்டின் நிலை

ஒரு காலத்தில் இந்த நாட்டில் ஐந்து கைத்தொலைபேசிக் கம்பனிகள் இருந்தன. 2018இல் எடிசலாட்டை ஹட்ச் வாங்கியது. 2024இல் எயார்டெல் லங்காவை டயலொக் வாங்கியது. இன்று மூன்று. சந்தையில் கடை குறைந்தால் பேரம் பேசும் இடமும் குறையும். இலக்கத்தை மாற்றாமல் கம்பனியை மாற்றும் வசதி இந்தியாவில் 2011 ஜனவரியில் நாடு முழுவதும் வந்தது. இங்கே அது பல வருடமாகப் பேசப்பட்டே வருகிறது. ரேஷன் அட்டை தொலைந்ததைப் போல இலக்கம் தொலைந்தால் உறவு தொலையும் என்று அஞ்சும் சனம் நாம். இடம்பெயர்ந்து சிதறிய குடும்பங்களுக்கு அந்தப் பத்து இலக்கம் ஒரு முகவரி. விலை பிடிக்கவில்லை என்று சிம்மைத் தூக்கி எறிந்துவிட்டுப் போக நம்மால் முடியாது. கம்பனிக்கும் அது தெரியும்.

விலையை யார் பார்க்க வேண்டும்? 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டமும், அதைத் திருத்திய 1996ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டமும் இருக்கின்றன. அவற்றின் கீழ் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு இயங்குகிறது. 2022 செப்டெம்பர் 5 முதல் கைத்தொலைபேசிக் கட்டணங்கள் நூற்றுக்கு 20 கூட்டப்பட்டன. பொருளாதார நெருக்கடியில் கம்பனிகளின் செலவு கூடியதால் அந்த உயர்வுக்கு ஆணைக்குழு இடம் கொடுத்தது. கம்பனியின் செலவைக் கேட்டு விலையைக் கூட்ட ஆணைக்குழுவால் முடியுமென்றால், பாவனையாளரின் வீண்செலவைக் கேட்டு விதியை மாற்றவும் முடியும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். டேட்டா வேண்டாம், நம் சனத்துக்குப் பேச மட்டும் போதும் என்பது எங்கள் வாதம் அல்ல. 2020 மார்ச்சில் கொவிட்டால் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோது, டேட்டா இல்லாத வீட்டுப் பிள்ளைக்குப் படிப்பே இல்லாமல் போனதை ஆசிரியர்களாக நாங்கள் பார்த்தோம். சிக்னல் தேடி மலையகத்தில் பிள்ளைகள் மேட்டில் ஏறினார்கள், வன்னியில் குளக்கட்டில் ஏறினார்கள். டேட்டா இன்று கொப்பி பென்சில் போல. மத்திய கிழக்கில் வேலைக்குப் போன தாயின் முகத்தைப் பிள்ளை பார்ப்பதும் அதில்தான். அதனால்தான் சொல்கிறோம், டேட்டா தேவைப்படும் பிள்ளைக்கு அது கிடைக்கட்டும். தேவைப்படாத அப்பாயியின் தலையில் அதைக் கட்ட வேண்டாம்.

நாம் கேட்பது

ஆணைக்குழுவிடமும் கம்பனிகளிடமும் நாம் வைக்க வேண்டிய கோரிக்கைகள் ஐந்து.

1. குரலும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டும் கொண்ட பக்கேஜை ஒவ்வொரு கம்பனியும் விற்க வேண்டும். அதன் செல்லுபடிக்காலம் நீண்டதாக இருக்க வேண்டும். டேட்டாவைக் கழித்தால் டேட்டாவின் விலையும் கழிய வேண்டும்.

2. பக்கேஜின் ஒவ்வொரு பகுதிக்கும் எவ்வளவு விலை என்பதைப் பிரித்துக் காட்ட வேண்டும்.

3. மீதி நிமிடமும் டேட்டாவும் அடுத்த மாதத்துக்குப் போக வேண்டும். அல்லது பாவனையாளர் சொல்லும் இன்னொரு இலக்கத்துக்கு மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும்.

4. நிமிடம் என்றால் எந்த வலையமைப்புக்கும் பேசும் நிமிடமாக இருக்க வேண்டும். டேட்டா என்றால் எந்தச் செயலிக்கும் பாவிக்கும் டேட்டாவாக இருக்க வேண்டும். இன்ன தளத்துக்கு ஒரு விலை, இன்ன தளத்துக்கு வேறு விலை என்று டேட்டாவைப் பிரித்து விற்பதை இந்தியா 2016 பெப்ரவரியிலேயே தடை செய்தது.

5. ரிங்கிங் டோன், சோதிடம், கிரிக்கெட் செய்தி போன்ற மேலதிக சேவைகளைப் பாவனையாளர் தெளிவாகச் சம்மதிக்காமல் தொடங்கக் கூடாது. சம்மதம் கேட்கும் செய்தி தமிழில் வர வேண்டும். 1987இன் 13ஆம் திருத்தத்தின்படி தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. அரச ஆணைக்குழு ஒன்றின் கண்காணிப்பில் நடக்கும் தொழிலில், தமிழ்ச் சனத்துக்கு விளங்காத மொழியில் செய்தி அனுப்பி, தெரியாமல் ஒரு பொத்தானை அமர்த்தியதைச் சம்மதம் என்று எடுக்க முடியாது.

இந்த மாதமே செய்யக்கூடியது

கோரிக்கை எழுதினால் கேட்பார்கள் என்று இருந்துவிட முடியாது. நமக்குக் கையில் கணக்கு வேண்டும். ‘எங்களுக்கு நட்டம்’ என்று சொல்வதைவிட, ‘இத்தனை வீட்டில், ஒரு மாதத்தில், இவ்வளவு டேட்டாவும் இவ்வளவு நிமிடமும் பாவிக்காமல் அழிந்தன’ என்று எழுதிக் கொடுத்தால் அதற்குப் பாரம் உண்டு.

ஆகவே ஒவ்வொரு கிளையிலும் பத்து வீடாவது ஒரு மாதத்துக்குக் கொப்பி வைக்க வேண்டும் என்று கேட்கிறோம். வீட்டில் எட்டாம் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை இருந்தால் அவரிடமே பொறுப்பைக் கொடுங்கள். என்ன பக்கேஜ், எந்தத் திகதியில், என்ன விலை என்று முதல் வரியில் எழுதட்டும். பக்கேஜ் முடிவதற்கு முதல் நாள் மீதியைப் பார்த்து, நிமிடம் எவ்வளவு, டேட்டா எவ்வளவு என்று அடுத்த வரியில் எழுதட்டும். இடையில் போட்ட ரீலோட்களையும் எழுதட்டும். பிள்ளைக்கு அது நூற்றுவீதக் கணக்குப் பயிற்சி, சங்கத்துக்கு அது சாட்சி.

அதோடு, உங்கள் சிம்மில் நீங்கள் கேட்காத சேவை ஏதாவது நாளாந்தம் காசு வெட்டுகிறதா என்று பாருங்கள். வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்து, ‘என் இலக்கத்தில் என்னென்ன சேவை இயங்குகிறது? வேண்டாததை நிறுத்துங்கள்’ என்று தமிழிலேயே கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, கெஞ்ச வேண்டியதில்லை. யாரோடு பேசினீர்கள், எத்தனை மணிக்கு என்பதையும் கொப்பியில் குறியுங்கள். தீர்வு கிடைக்காவிட்டால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு 1900 என்ற இலக்கத்தில் முறையிடலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் இலக்கம் 1977. எழுத்தில் முறைப்பாடு எழுதத் தெரியாதவர்கள் கிளைத் தலைவரிடமோ மாதர் அணித் தலைவியிடமோ வாருங்கள். எழுதித் தருவோம்.

மாத முடிவில் கொப்பிகளைக் கிளைக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்று மாவட்டக் கணக்கையும் கூட்டி, ஐந்து கோரிக்கைகளோடு சேர்த்து, அங்கத்தவர் கையெழுத்துடன் ஆணைக்குழுவுக்கு அனுப்புவோம். மலையகத்தில் உள்ள சகோதரக் கிளைகளும் இதே கொப்பியை வைக்குமானால் இது வன்னியின் குரலாக மட்டும் நிற்காது.

நாம் யாரிடமும் இலவசம் கேட்கவில்லை. பேசிய பேச்சுக்குக் காசு கொடுக்கிறோம், பாவித்த டேட்டாவுக்குக் காசு கொடுக்கிறோம். உரிக்காத தேங்காய்க்கு நமக்குக் கூலி இல்லை என்பதுதான் தோட்டத்துச் சட்டம் என்றால், கம்பனிகளுக்கும் அதுவே சட்டமாக இருக்கட்டும். கொப்பியை இந்தக் கிழமையே தொடங்குங்கள்.